கை நனைக்கும் முன்

பொன்னாத்தா கம்பெனி மோட்டார் எரிந்து போனால் ஒரு வேளை விருந்துச் சாப்பாடு நிச்சயம் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. போர்வெல்லிலிருந்து மோட்டாரை உருவியெடுத்து, டெம்போவில் போட்டுக்கொண்டு கோயமுத்தூரின் கணபதிப் பகுதி வரைக்கும் வருகிற விவசாயியைக் கம்பெனி முதலாளி நாச்சியம்மாள் மோட்டாரைப் பற்றிப் பேசவே விடமாட்டாள்.

"மொதல்ல கை கழுவுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. மோட்டாரு எங்கீங்க போயிருது?" என்பாள்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு. இலை விழும். அரிசிம்பருப்புச் சாதம், அதன் தலையில் நெய், கத்திரிக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர். சாப்பிட்டு எழுந்ததும் வந்தவரே வெட்கப்பட்டுக்கொண்டு, "மோட்டாரு மேல தப்பு சொல்றதுக்கில்லீங்க. கரண்டு ஏறி எறங்குதுங்க" என்பார். இன்னொருவர் இடி விழுந்தது என்பார். சுப்பண்ணன் என்கிற வாழைத் தோட்டக்காரர் ஒரு முறை, காட்டு யானை வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டது என்றே சொன்னார். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அந்த வீட்டையே குறை சொல்ல யாருக்கு நாக்கு வரும்? நாச்சியம்மாளும் துருவிக் கேட்கமாட்டாள். புது மோட்டார் ஒன்றை ஏற்றி அனுப்பிவிடுவாள். எரிந்தது பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போகும். எழுதி வைப்பது, காரணம் பார்ப்பது எதுவும் கிடையாது. விஷயம் அத்தோடு முடிந்தது.

அதனால்தான் அவளுக்கு அப்படியொரு பெருமை. புருஷன் இருந்த காலத்தில் ஒற்றைக் கொட்டகையில் தானே உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றியவள் அவள். இப்போது வைண்டிங் ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். லேத்தும் அசெம்பிளியும் மகன் மனோஜ்குமார் பொறுப்பு. வைண்டிங் மட்டும் அன்றும் இன்றும் அவள் கையில்தான். "என்ற மோட்டாருல குறைன்னு இந்நேரம் வரைக்கும் ஒருத்தரு வாயத் தொறந்ததில்லை" என்று யாரிடமும் சொல்வாள். உண்மைதான். வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் அவள் சோறுதானே போட்டாள்.

தொண்ணூற்றாறில் கோயமுத்தூருக்கு ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ்க் காய்ச்சல் பிடித்திருந்தது. அவிநாசி ரோட்டில் கம்பெனிக்குக் கம்பெனி பேனர் கட்டியிருந்தார்கள். பொன்னாத்தா மோட்டாரை வெளிநாட்டுக்கு வாங்க வந்த ஏற்றுமதிக்காரரும், சர்ட்டிபிகேட் இருந்தால் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனோஜ்குமார் ஆறு மாதமாக அதே நினைப்பில் இருந்தான். சர்ட்டிபிகேட் கொடுக்கும் முன் ஒரு தரம் பார்த்துப்போகப் பங்குனியில் சென்னையிலிருந்து வெங்கடபதி என்கிற ஆடிட்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒற்றைப் பேனா.

கம்பெனிக்காரர்களே தங்களுக்குள் ஒரு ஆடிட் செய்து வைக்க வேண்டும் என்பது முறை. ஒரு செக்‌ஷன்காரர் இன்னொரு செக்‌ஷனைப் போய்ப் பார்த்து, முறைக்கு மாறாக எது நடந்தாலும் எழுத வேண்டும். அந்தக் குறைச்சீட்டுக்கு என்.சி. என்று பெயர். இங்கே லேத்துக்காரர் அசெம்பிளியைப் பார்த்து "எல்லாம் திருப்தி" என்று எழுதியிருந்தார். அசெம்பிளிக்காரர் லேத்தைப் பார்த்து அதையே எழுதியிருந்தார். மனோஜ்குமார் கேட்டபோது, "அவரு எனக்கு அண்ணன் மொறைங்க. மூஞ்சியப் பாத்து எப்படீங்க குறை சொல்றது?" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

வெங்கடபதி ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "உள் ஆடிட்டுல ஒரு குறைகூட இல்லை. வாடிக்கையாளர் புகாரும் இல்லை. இவ்வளவு நல்ல கம்பெனியை நான் பார்த்ததே இல்லைம்மா."

நாச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் தொடர்ந்தார். "ஆடிட்டுங்கறது யாரையும் பிடிச்சுக் கொடுக்கற வேலை இல்லை. நம்மளை நாமே ஒரு தடவை வெளி ஆளா நின்னு பார்த்துக்கறது. நீங்க இன்னும் பார்க்கலை. ஆடியில வரேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால சிபாரிசு பண்ண முடியாது."

சாப்பிடக் கூப்பிட்டதற்கு, ஆடிட் முடியட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். குறை சொன்னதைவிட, வீடு வரை வந்த மனிதர் கை நனைக்காமல் போனதுதான் நாச்சியம்மாளுக்கு உறுத்தியது.

மருமகள் புவனா தாராபுரத்துப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவள், கம்பெனி ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள் ஆடிட்டர் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். திரும்பி வந்து யார் எந்தச் செக்‌ஷனைப் பார்ப்பது என்று பிரித்தபோது வைண்டிங் மட்டும் மிஞ்சியது. யாரும் அதைத் தொடவில்லை.

"வேற யாராச்சும் போலாமே" என்று மனோஜ்குமார் முனகினான்.

"நீங்க போறீங்களா?"

அவனுக்குத் திடீரென்று லேத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலை புவனா வைண்டிங் ஹாலுக்குள் போனாள். வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றில் ஒயர் வாசம். நாச்சியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மருமகள் அட்டையும் பேனாவுமாக வருவதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"கேளு அம்மணி, கேளு."

"அத்தே, நம்ம மோட்டாரு எரிஞ்சு திரும்பி வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"வராது."

"வந்துதுன்னா?"

"வந்தா சோறு போடுவேன்."

ஹாலே சிரித்தது. புவனாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்து தகரக் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். நாச்சியம்மாள் பின்னாலேயே ஓடினாள். உள்ளே மோட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இத்தனை இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டபோது ஒன்றுதானே என்றிருந்தது.

"இதெல்லாம் எப்ப வந்ததுங்க?"

"எப்பவோ வந்தது. பழசு."

புவனா குனிந்து பார்த்தாள். சாக்குச் சுற்றி வாழைநாரால் கட்டிய மோட்டார்கள் சில இருந்தன. அவற்றில் மூன்று அவள் கண்ணில் பட்டன. மூன்றிலும் ஒரே மாதிரி முடிச்சு.

"இது மூணும் ஒரே ஆளு கட்டுனதுங்க அத்தே. யாருதுங்க?"

யாருடையது என்று நாச்சியம்மாளுக்குத் தெரியும். சுப்பண்ணனுக்கு மட்டும்தான் அப்படி இரட்டை முடிச்சுப் போடும் பழக்கம். ஆனால் அவர் மூன்று தடவையா வந்தார்?

புவனா அங்கேயே நின்று எழுதினாள். திரும்பி வந்த மோட்டார்கள் பதிவு செய்யப்படவில்லை, எரிந்த காரணம் பார்க்கப்படவில்லை, பொறுப்பு நாச்சியம்மாள், வைண்டிங். எழுதிவிட்டுக் கையெழுத்துக்காக நீட்டினாள்.

"என்ற ஊட்டுலயே இருந்துட்டு, என்ற பேரையே எழுதி நீட்டறயா?"

"உங்க மேல எழுதலீங்க அத்தே. மோட்டாரு மேல எழுதியிருக்கறேன்."

நாச்சியம்மாள் கையெழுத்துப் போடவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரை நேற்று வந்தவள் ஒரு சீட்டில் கொட்டிவிட்டாளே என்று மனசு கொதித்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. புவனா கடைந்து வைத்த கொள்ளுப் பருப்பை நாச்சியம்மாள் தொடவில்லை. மோரும் சோறும் போதும் என்று முடித்துக்கொண்டாள். மனோஜ்குமார் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரே அப்பளத்தை ரொம்ப நேரம் தின்றான். பிறகு மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்.

"அந்தச் சீட்டக் கிழிச்சுப்போடு புவனா. அம்மா மனசு நோவுது."

"சீட்டக் கிழிச்சுப்போடலாங்க. கொட்டாயில கெடக்கறத என்னங்க பண்றது? அத்தையோட பேரு வெறும் சோத்துல வந்த பேரா இருக்கக் கூடாதுங்க. நெசமாவே நல்ல மோட்டாருங்கற பேரா இருக்கோணும். அதுக்குத்தான் எழுதுனேன்."

சமையலறையில் நின்றிருந்த நாச்சியம்மாளின் காதில் அது விழுந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் நினைப்பெல்லாம் அந்த மூன்று முடிச்சுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கெளம்பு" என்றாள் மருமகளிடம்.

"எங்கீங்க அத்தே?"

"தொண்டாமுத்தூரு. சுப்பண்ணன் வாயால மோட்டாரு மேல தப்பில்லைன்னு சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா என்ற கண்ணு முன்னால நீ அந்தச் சீட்டக் கிழிக்கோணும்."

"சொல்லலீன்னா?"

நாச்சியம்மாள் வேனில் ஏறினாள்.

மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. வழியெல்லாம் தென்னையும் சின்ன வெங்காயமும். தோட்டத்து வீட்டு முன் வேன் நின்றதும் சுப்பண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்களே வந்திருக்கறீங்க! ஒரு வார்த்தை சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே. ஏ மாசாணீ, யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு!"

அவர் மனைவி மாசாணியம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இலை விரித்து, சந்தகையும் தேங்காய்ப்பாலும், பின்னாலேயே சோறும் ரசமும் வந்தன. நாச்சியம்மாள் இலைமுன் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"ஏனுங்ணா, மோட்டாரு ஏன் எரிஞ்சுது?"

"கரண்டுதானுங்க அம்மணி. வேறென்ன?"

"அன்னைக்கு யானைன்னீங்களே?"

"யானையுந்தானுங்க." அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொல்லிவிட்டாரே, அவ்வளவுதான், எழுந்து போய்விடலாம். புவனா கைப்பையில் இருந்த சீட்டை எடுக்கவே எடுத்துவிட்டாள். ஆனால் நாச்சியம்மாளுக்கு அந்த முகத்தைத் தெரியும். தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்த எத்தனை பேர் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்! வேண்டுமென்றேதான் அதைப் பார்க்காமல் இருந்தோம் என்பது அந்த இலைமுன்தான் அவளுக்கு உறைத்தது. இலைக்கு நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கூட்டுல நீங்க சாப்புட்டுப்போட்டுக் குறை சொல்லாம போனீங்க. இங்க நீங்க குறை சொன்னாத்தான் நான் கை நனைப்பேன்."

சுப்பண்ணன் பதறிப்போனார். "என்னுங்க அம்மணி இது? இலைக்கு முன்னால உக்காந்துட்டு இப்படிச் சொல்லலாமுங்களா? குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எடுத்துச் சாப்புடுங்க."

நாச்சியம்மாள் அசையவில்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது. மாசாணியம்மாள் கரண்டியோடு நின்று புருஷனைப் பார்த்தாள், விருந்தாளியைப் பார்த்தாள். விருந்துக்கு வந்தவளைப் பட்டினி போடும் பாவம் அவளைத்தான் முதலில் பிடித்தது.

"இவரு சொல்ல மாட்டாருங்க, நானே சொல்லிப்போடறேன். மூணு மோட்டாருங்க. மூணு தடவையும் புதுசு குடுத்தீங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா ஆளப் புடிச்சு, கழட்டி, கொண்டாந்து, மறுக்கா எறக்கற வரைக்கும் வாழைக்குத் தண்ணி யாருங்க ஊத்தறது? தாரு தள்ளற நேரமுங்க. கீழ்க்காட்டு வாழை பூராவும் காஞ்சு நின்னுபோச்சு. இவரு உங்கூட்டு நெய்யையும் தயிரையும் பெருமையா வந்து சொல்றாரு. நான் வாழையப் பாத்துப்போட்டு அழுவறேனுங்க."

"மாசாணீ!" என்றார் சுப்பண்ணன். அந்த அதட்டலில் பலமே இல்லை.

நாச்சியம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். புது மோட்டார் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது என்றுதான் அவள் இத்தனை நாளும் இருந்தாள். காய்ந்த வாழையை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கம் உடம்பெல்லாம் பரவியது.

"எழுதிக்க கண்ணு" என்றாள் புவனாவிடம். "அவங்க சொன்னத ஒரு வார்த்தை உடாம எழுதிக்க."

அப்புறம் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கிளம்பும்போது மாசாணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேனில் ஏறியதும் பேனாவை வாங்கி அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானமே வைண்டிங் நின்றது. கொட்டகை மோட்டார்களை ஹாலுக்குக் கொண்டுவந்து பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிரித்தார்கள். நாச்சியம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கருகிய ஒயரை வெட்டி வெட்டி எடுக்கையில், ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் காயம் இருந்தது. தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்டேட்டரின் குழிக்குள் ஒயர் நுழைகிற வாயில், மேல் உறை கிழிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. சுற்றியவர்கள் கையில் தப்பில்லை. ஸ்டேட்டர் தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிசிறு, பிளேடாக இருந்தது.

தகடு வெட்டிக் கொடுப்பது அவளுடைய சொந்தத் தம்பி நஞ்சப்பன். சின்னவேடம்பட்டியில் பிரஸ் போட்டிருந்தான். வெளியார் சரக்கெல்லாம் சோதனை மேஜைக்குப் போகும். நஞ்சப்பன் சரக்கு மட்டும் வண்டியிலிருந்து நேராக உள்ளே வரும். தம்பி சரக்கைச் சோதிப்பதா, அவன் என்ன நினைப்பான் என்று அப்படி ஏற்பாடு செய்தவள் நாச்சியம்மாள்தான்.

புவனா அதை எழுதத் தயங்கினாள். நாச்சியம்மாளே, "எழுது. இதுலயும் பொறுப்பு நான்தான்" என்றாள்.

அடுத்த லோடு மேஜைக்குப் போனது, பிசிறோடு இருந்தது, திரும்பிப் போனது. அன்றே நஞ்சப்பன் சிவந்த முகத்தோடு வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, என்ற சரக்கத் திருப்பி அனுப்புச்சிருக்கறீங்க? ஊருல என்ற மானம் என்னாவறது?"

"உக்காரு தம்பி. சாப்புடு."

"எனக்குச் சோறு வேண்டாமுங்க்கா."

"சோறு வேற, சரக்கு வேற. சோறு உனக்கு என்னைக்கும் உண்டு. சரக்கு மேசைக்குப் போயித்தான் உள்ள வரும்." ஒரு தகட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "பெருவெரல்ல தடவிப் பாரு."

தடவினான். விரலில் ரத்தம் துளிர்த்தது. குரல் இறங்கிவிட்டது.

"தகடு வெட்டற டை தேஞ்சுபோச்சுங்க்கா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீட்டியிருப்பனுங்களே. நீங்க ஒண்ணும் சொல்லலீன்னதும் நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி" என்றாள் நாச்சியம்மாள்.

டை தீட்டிய பிறகு வந்த தகடு விரலுக்கு வழுவழுவென்று இருந்தது. அந்தப் பழைய தகட்டில் சுற்றிய மோட்டார் போன ஊர்களுக்கெல்லாம் புவனா கார்டு போட்டாள். எரிவதற்கு முன்னாலேயே மாற்றிக் கொடுத்தார்கள். மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு இலை இப்போதும் விழுந்தது, ஆனால் முதலில் குறை, அப்புறம்தான் சாப்பாடு. ஆரம்பத்தில் நெளிந்த விவசாயிகள், பசி எடுத்தால் ஒழுங்காகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

ஆடியில் காற்றோடு வெங்கடபதி வந்தார். எடுத்ததும் புகார் ஃபைலைக் கேட்டார். அது தடித்திருந்தது.

"போன தடவை ஒண்ணுமே இல்லை. இப்ப இத்தனையா?"

மனோஜ்குமாருக்கு முகம் வெளுத்தது. நாச்சியம்மாள் எழுந்து, "வாங்க, காட்டறனுங்க" என்று வைண்டிங் ஹாலுக்குக் கூட்டிப் போனாள். நுழைகிற இடத்திலேயே, சுப்பண்ணன் தோட்டத்து மோட்டார் ஒன்று பிளந்து வைக்கப்பட்டிருந்தது. வாழைநார் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் பக்கத்திலேயே வைத்திருந்தாள். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பெண்ணும் அதையும் தொட்டுப் பார்த்து, புதுத் தகட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"இது எங்க மோட்டாருங்க, எரிஞ்சது. ஒளிச்சு வெச்சிருந்தோம். இப்ப நடுவூட்டுல வெச்சிருக்கறோம்."

வெங்கடபதி நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்து, அந்த முதல் என்.சி.யை எடுத்தார். பொறுப்பு என்ற இடத்தில் இருந்த பெயரையும், எழுதியவர் என்ற இடத்தில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புவனாங்கறது யாரு?"

கடைசி வரிசையில் இருந்த புவனா எழுவதற்குள் நாச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

"என்ற மருமவளுங்க" என்றாள். குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "என்ற மேல எழுத இந்தக் கம்பெனியில ஒரு ஆம்பளைக்குத் தெகிரியம் இல்லீங்க. இவளுக்கு இருந்துது. இவ எழுதலீன்னா நான் இன்னமும் சோறு போட்டுட்டே இருந்திருப்பனுங்க."

ஆம்பிளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மனோஜ்குமார் மட்டும் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். சிபாரிசு செய்கிறேன் என்று வெங்கடபதி சொன்னதும் கைதட்டல் தகரத்தை அதிரவைத்தது.

ஆடிட் முடிந்துவிட்டது, இனி அவர் தப்ப முடியாது. வீட்டில் இலை போட்டாள். அவரும் ஆசையாகவே உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து, இலையைத் துடைத்து, கையை நீட்டியபோது நாச்சியம்மாள் சோற்றுக் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"குறை சொல்லாம இந்த ஊட்டுல கை நனைக்க முடியாதுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

வெங்கடபதி சிரித்தார். பிறகு யோசித்தார். "சின்னதுதான், எழுத வேண்டாம்னு விட்டேன். டெஸ்ட் டேங்க் பக்கத்துல அழுத்தம் அளக்கற ஒரு பிரஷர் கேஜ். அதை மறுபடி சரி பார்க்க வேண்டிய தேதி போன வாரமே தாண்டிப் போச்சு."

கேஜ் தேதியெல்லாம் ஆபீஸ் பொறுப்பு. நெய்க் கிண்ணத்தோடு நின்ற புவனாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

நாச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. மருமகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "போயி எழுது அம்மணி. பொறுப்புங்கற எடத்துல உன்ற பேரைப் போடு" என்றாள்.

புவனா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, ஆடிட்டர் பக்கத்தில் இன்னொரு இலை விரித்திருந்தது. நாச்சியம்மாள் அவள் தோளை அமுக்கி அதன் முன்னால் உட்காரவைத்து, சோற்றைப் போட்டு, முதல் கரண்டி நெய்யை அவள் இலையில் ஊற்றினாள்.